மறுமுனையில் இருக்கும் பிள்ளை

ஆசிரியர் ஒருவர், மாணவர் நாற்பதின்மர், நடுவே ஒரு கரும்பலகை. பள்ளி என்றதும் நம் மனக்கண்முன் எழும் காட்சி இதுவே. அந்தக் கரும்பலகையை எந்த ஆசிரியரும் தாமாகத் தேர்ந்தெடுத்ததில்லை. அவர் வருமுன்பே அது சுவரில் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற பின்னரும் இருக்கும். இணையவழியே பாடம் நடத்த முற்படுகின்றவரின் நிலைமையோ வேறு. கரும்பலகை எது, வகுப்பறைக் கதவு எது, மணி எது, வருகைப் பதிவேடு எது என்று ஒவ்வொன்றையும் அவரே தெரிந்துகொள்ள வேண்டியவராகிறார். ஜூம் சிறந்தது என்பார் ஒருவர். கூகிள் மீட் என்பார் மற்றொருவர். எல்லாவற்றிற்கும் வாட்ஸ்அப்பே போதும் என்பார் வேறொருவர். கேட்பவர் குழம்பிப் போகிறார்.

பெருந்தொற்றுக் காலத்தோடு இக்கேள்வி ஓய்ந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்பிலிருந்த நாள்கள் நமக்கு மறந்திரா. அவ்வாண்டு உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளி செல்ல இயலாதிருந்தனர் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. பள்ளிகள் மீண்டும் திறந்து ஆண்டுகள் ஆயினும், இணையவழி வகுப்புகள் மறைந்துவிடவில்லை. மாலைநேரத் தனிப்பாடம், போட்டித் தேர்வுப் பயிற்சி, இசை, ஆங்கிலப் பேச்சு, வெளிநாட்டில் வாழும் நம் உறவினரின் பிள்ளைகளுக்குத் தமிழும் மறைக்கல்வியும் என அவை நம் வீடுகளிலேயே நடைபெறுகின்றன. வீட்டிலிருந்தபடியே பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்திற்குத் துணைநிற்கும் பெண்மணிகளும் இளைஞர்களும் இன்று ஏராளம்.

இவர்களில் பெரும்பாலோர் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டுக்கொள்ளும் முதற்கேள்வி, "எனக்கு எது எளிது?" என்பதாகும். கேட்கத்தக்க கேள்விதான், ஆனால் முதலாவதாக அன்று. மறுமுனையில் இருக்கும் பிள்ளைகளுள் மிகவும் எளிய நிலையில் இருக்கும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது என்று நாம் கருதுகிறோம். இது புதிய கருத்தன்று. கணினி வீடுகளுக்குள் நுழைவதற்கு முன்னரே செயலில் நின்று பலன் தந்த கருத்து.

வானொலியில் ஒரு பள்ளி

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும் பாலைநிலம். அங்கே ஒரு கால்நடைப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நெடுந்தொலைவு இருப்பதுண்டு. அப்பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது அஞ்சலில் வரும் காகிதக் கட்டாகவே இருந்தது. ஆசிரியரின் முகத்தை மட்டுமன்று, குரலையும் அவர்கள் அறியார். ஆனால் அவ்வீடுகளில் ஒரு கருவி ஏற்கெனவே இருந்தது. நோயுற்றவர்களுக்காகப் பறந்து செல்லும் மருத்துவப் பணியினர், அவசர வேளையில் தம்மை அழைப்பதற்கென வானொலிக் கருவிகள் அங்கு இடம்பெற வழிசெய்திருந்தனர். ஆல்ஃபிரட் ட்ரேகர் என்பவர், மின்சாரம் இல்லாத இடத்திலும் காலால் மிதித்து இயக்கத்தக்க கருவியை 1929-ஆம் ஆண்டிலேயே அமைத்துக் கொடுத்திருந்தார்.

அடிலெய்ட் மீத்கே என்னும் கல்வியாளர் இதைக் கண்டார். மருத்துவரை அழைக்கும் கருவியால் ஆசிரியரை அழைக்கலாகாதா என்று அவர் எண்ணியதன் விளைவாக, 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கிற்று. முதலில் ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டனர். விரைவிலேயே பிள்ளைகள் கேள்வி கேட்கவும் விடையளிக்கவும் வேளை ஒதுக்கப்பட்டது. எழுத்து வேலை அஞ்சலிலேயே தொடர்ந்தது. வீட்டில் பாடத்தைக் கண்காணிப்பவர் பெரும்பாலும் தாயே. அப்பள்ளியின் பிள்ளைகள் பரவி வாழும் நிலப்பரப்பு ஏறத்தாழ 13 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல் பத்து மடங்கு! இந்நூற்றாண்டில் அது செயற்கைக்கோள் வழிக்கு மாறி, இன்றும் நடைபெறுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மீத்கே அம்மையார் புதுமையான கருவியைத் தேடி ஓடவில்லை. எல்லா வீடுகளிலும் முன்பே எது இருக்கிறது என்று பார்த்தார். எழுத்துக்கு அஞ்சல், குரலுக்கு வானொலி, கண்காணிப்புக்குத் தாய் என்று வேலையைப் பங்கிட்டார். (இணையவழிக் கல்விக்காக உலகெங்கும் பயன்படும் 'மூடில்' என்னும் இலவச மென்பொருளை 2002-இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், சிறுவனாக மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் இத்தகைய வான்வழிப் பள்ளியிலேயே பயின்றவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இதற்கும் முன்னர், 1947-இல், தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் சுட்டட்டென்சா என்னும் மலைக் கிராமத்திற்கு ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்ற இளங்குரு உதவிப் பங்குக்குருவாக வந்து சேர்ந்தார். மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள். அவர் சிறியதோர் ஒலிபரப்புக் கருவியைக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கினார். அவ்வானொலிப் பள்ளியின் வெற்றிக்கு வானொலி மட்டும் காரணமன்று. உழவர் குடும்பத்தினர் சிலர் ஒரு பெட்டியைச் சூழ்ந்து அமர்வர். அவர்களுள் சிறிதே எழுத்தறிவு பெற்ற ஒருவர் துணையாளராக நின்று, வானொலியில் கேட்டதைப் பலகையில் எழுதிக் காட்டுவார். கையில் பாடநூல் உண்டு. பின்னாளில் வார இதழ் ஒன்றும் வந்தது. அவர்கள் எழுதிய இலட்சக்கணக்கான கடிதங்களுக்கு நிலையத்தார் மறுமொழி எழுதினர். அவ்வானொலியின் ஆவணங்கள் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கின்றன.

வேகமும் கனமும்

அக்காலத்து வானொலியை விட்டு இக்காலத்துக் கைப்பேசிக்கு வருவோம். 2020 மார்ச் மாதத்தில், உலகமெங்கும் ஆசிரியர்கள் நேரலைக் காணொளிக் கருவிகளை நாடி விரைந்துகொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் வின்சென்சியன் சபைக் குருக்களால் நிறுவப்பெற்ற டி பால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டான்ஃபோர்ட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். கருவிகளை அவர் இரண்டு அளவைகளால் நிறுத்துப் பார்த்தார். ஒன்று, அக்கருவி இணைய இணைப்பின் மீது ஏற்றும் சுமை. மற்றொன்று, எல்லோரும் அதே நொடியில் கூடியிருக்க வேண்டும் என்று அது வற்புறுத்தும் அளவு.

இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால் கருவிகள் தாமே நான்கு கூடைகளில் விழுகின்றன. அச்சிட்ட பக்கம், மின்னஞ்சல், வாசித்து விடையெழுதும் பயிற்சி ஆகியவற்றுக்குச் சுமையும் குறைவு, அவசரமும் இல்லை. குழுவில் எழுத்தால் உரையாடுவது, ஒரே ஆவணத்தில் பலர் சேர்ந்து எழுதுவது ஆகியவற்றுக்குச் சுமை குறைவு. ஆனால் விரைந்த மறுமொழி வேண்டும். முன்பே பதிவு செய்த காணொளிக்குச் சுமை மிகுதி. எனினும் பிள்ளை தனக்கு வசதியான வேளையில் பார்க்கலாம். நேரலைக் காணொளி வகுப்புக்கோ சுமையும் மிகுதி, அவசரமும் மிகுதி. நாம் அனைவரும் முதலில் ஓடிப் பற்றிக்கொண்டது இந்த நான்காவது கூடையையே! வகுப்பறையைப்போல் தோன்றுவது அது ஒன்றுதான் என்பதே காரணம். முதற்கூடையிலிருந்து தொடங்கி, தேவை வற்புறுத்தினால் மட்டுமே அடுத்ததற்குச் செல்வது நலம் என்பது ஸ்டான்ஃபோர்டின் கருத்து. நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

சுமை என்றோமே, அது எவ்வளவு? குரலை மட்டும் அனுப்பும் வகுப்பு ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ 35 மெகாபைட் அளவிலான டேட்டாவைச் செலவிடும். முகம் தெளிவாகத் தெரியும் காணொளி வகுப்பு அதே ஒரு மணிநேரத்திற்கு 270 முதல் 540 மெகாபைட் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் விழுங்கும். பத்து நிமிடக் குரற்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ ஓரிரு மெகாபைட்டில் முடிந்துவிடும். நாளொன்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஜிகாபைட் என்ற திட்டத்தில் இயங்கும் ஒரே கைப்பேசியை இரண்டு பிள்ளைகளும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், இவ்வேறுபாடு கணக்குப் பாடமன்று. பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளை வகுப்பில் இருக்கிறானா இல்லையா என்பதே அது. உலகில் 3 வயது முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுள் மூன்றில் இரு பங்கினர் வீட்டில் இணையமே இல்லை என்று 2020 இறுதியில் யுனிசெஃப் அறிக்கை கூறிற்று.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் சேர முடியாத பிள்ளை, "ஐயா, எங்கள் வீட்டில் டேட்டா தீர்ந்துவிட்டது" என்று சொல்ல வருவதில்லை. வெட்கம் தடுக்கிறது. முதல் வாரம் தாமதமாக வருகிறான். இரண்டாம் வாரம் பாதியில் மறைகிறான். மூன்றாம் வாரம் வருவதேயில்லை. திரையில் முப்பது கட்டங்கள் இருபத்தெட்டாகும்போது ஆசிரியரின் கண்ணுக்கு அது தெரிவதுமில்லை. வகுப்பறையில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தால் அது ஆசிரியரைப் பார்த்துக் கேள்வி கேட்கும். இணையத்தில் வெற்றிருக்கை என்று ஒன்று இல்லை!

சாதாரணத் தொலைபேசி

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வது? ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது ஆய்வாளர் சிலர் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். ஏறத்தாழ 4,500 குடும்பங்கள் அதில் பங்குபெற்றன. இணையம் வேண்டியதில்லை, விலை மலிந்த சாதாரணக் கைப்பேசி போதும். சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் எளிய கணக்குகள் குறுஞ்செய்தியாகச் சென்றன. வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியோடு, ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை அழைத்து இருபது நிமிட அளவில் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசிக் கணக்கை விளக்கினார்.

முடிவு 2022-இல் வெளியாயிற்று. குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. ஆசிரியரின் அழைப்பும் சேர்ந்த பிள்ளைகளோ கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தனர். வாரத்தில் இருபதே நிமிடம்!

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் எழுதிய ஆய்வுரை ஒன்றில், பாடத்தைச் சுமந்து வரும் சாதனத்தை மளிகைப் பொருள்களைச் சுமந்து வரும் வண்டிக்கு ஒப்பிட்டார். வண்டி மாறினால் உணவின் சத்து மாறிவிடாது என்பது அவர் வாதம். அதை மறுத்தவர்களும் உண்டு. வண்டி வந்து சேராத தெருவில் இருப்பவனுக்கு எந்தச் சத்தும் கிட்டாது என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனினும் போட்ஸ்வானாவில் நடந்ததைப் பார்க்கும்போது கிளார்க்கின் பக்கமே நம் மனம் சாய்கிறது.

பாடத்திற்கேற்ற கருவி

எல்லாப் பாடத்திற்கும் ஒரே கருவி பொருந்தாது. வரலாறும் இலக்கியமும் குரலாலேயே நன்கு நடத்தத்தக்கவை; ஆசிரியரின் முகம் ஒரு மணிநேரம் திரையில் அசைவதால் கதை சுவை கூடிவிடுவதில்லை. கணக்கும் வேதியியலும் அப்படியல்ல. அங்கே பிள்ளை பார்க்க வேண்டியது ஆசிரியரின் முகத்தையன்று, எழுதும் கையை. புத்தகங்களை இருபுறமும் அடுக்கி, அவற்றின்மேல் மரச்சட்டத்தையோ கண்ணாடியையோ பாலம்போல் வைத்து, அதன்மீது கைப்பேசியைக் குப்புற வைத்தால், கீழே தாளில் எழுதுவது தெளிவாகத் தெரியும். விலைகொடுத்து வாங்கும் சாதனங்கள் பலவற்றைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

பதிவு செய்த பாடம் அனுப்புவோர் அதனைச் சிறு துண்டுகளாக்குதல் வேண்டும். எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வி நிறுவனத்தின் பாடங்களை மாணவர் பார்த்த 69 இலட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்திற்கு உட்பட்ட காணொளிகளே பெரும்பாலும் முழுமையாகப் பார்க்கப்படுகின்றன என்று காட்டிற்று. நாற்பது நிமிடப் பேருரையை அனுப்பிவிட்டு, பிள்ளைகள் பார்க்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

பாட்டு வகுப்பு நடத்துவோருக்கு ஒரு சொல். இணையத்தில் குரல் போய்ச் சேரச் சிறிது தாமதமாகும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கேயானாலும் அது தாளத்தைக் குலைக்கப் போதுமானது. எனவே பாடகர் குழுவினர் எல்லோரும் ஒருங்கே பாடிப் பழகக் காணொளி வகுப்பு உதவாது. ஆசிரியர் பாட, மற்றவர் தத்தம் ஒலிவாங்கியை அடைத்துவிட்டு உடன்பாட, பின்னர் ஒவ்வொருவராகப் பாடிக் காட்டுவதே வழி. மேலும், இரைச்சலை நீக்குவதற்கென இக்கருவிகளில் அமைந்துள்ள ஏற்பாடு வயலின் ஒலியையும் ஆர்மோனிய ஒலியையும் இரைச்சல் என்றெண்ணித் தின்றுவிடும். ஜூம் கருவியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைத் தெரிந்துகொண்டால் இத்தொல்லை குறையும்.

முகம் காட்ட வற்புறுத்துவது பற்றியும் ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டும். தன் முகத்தையே இடைவிடாது திரையில் பார்த்துக்கொண்டிருப்பதும், அசையாமல் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பதும் களைப்பைத் தருகின்றன என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். நம் நாட்டில் வேறொரு காரணமும் இருக்கிறது. ஓரறை வீட்டில், பின்னே அடுப்பெரிய, பாட்டி படுத்திருக்க, கொடியில் துணி தொங்க அமர்ந்திருக்கும் சிறுமியை நோக்கி, "கேமராவைப் போடு" என்று நாற்பது பேர் நடுவே அதட்டுவது அவளுடைய வீட்டின் வறுமையைத் தோழியர்க்குக் காட்சிப்பொருளாக்குவதேயாகும். அவள் வகுப்பைக் கவனிக்கிறாளா என்று அறிய ஒரு கேள்வி கேட்டால் போதுமே!

கதவும் தாழும்

வீட்டுக்குள் வரும் வகுப்பறைக்குக் கதவு வேண்டும். 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் இணையவழிப் புவியியல் வகுப்பு ஒன்றில் அந்நியர் இருவர் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினர். அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதைச் சில நாள் நிறுத்திவைத்து, பாதுகாப்பைச் சீர்செய்த பின்னரே மீண்டும் அனுமதித்தது. கடவுச்சொல் வைத்தல், ஒவ்வொருவரையும் பெயர் பார்த்து உள்ளே அழைக்கும் காத்திருப்பு அறை, பிறர் தம் திரையைக் காட்ட முடியாதபடி தடுத்தல் ஆகிய மூன்றும் கைக்கொண்டாலே பெரும்பாலான தொல்லைகள் அகலும். இணைப்பு முகவரியைப் பொதுவிடங்களில் பரப்புதல் அறவே கூடாது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நாம் தயக்கத்தோடுதான் எழுதுகிறோம். அது எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் குழுவில் சேர்ந்த பிள்ளையின் எண்ணை மற்றவர் அனைவரும் காண முடியும். வளர்ந்த பெண்பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது சிறு பொருளன்று. பெற்றோரின் எண்ணையே சேர்ப்பதும், ஆசிரியர் மட்டும் செய்தி அனுப்பும்படி குழுவை அமைப்பதும் நலம்.

இலவசம் என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். மனித உரிமைக் கண்காணிப்பகம் 49 நாட்டு அரசுகள் பெருந்தொற்றின்போது பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பிள்ளைகளின் விவரங்களைக் கையாண்ட முறை அவர்களின் உரிமைக்கு ஊறு விளைவிப்பதாகவோ அதற்கு இடமளிப்பதாகவோ இருந்ததாம். புதிய செயலி ஒன்று பாடம் நடத்துவதற்குத் தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்குமாயின், ஏன் என்று ஆசிரியர் கேட்க வேண்டும். தகுந்த விடை இல்லையேல் விட்டுவிட வேண்டும்.

கருவிகளுக்கு ஆயுள் உண்டு என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆசிரியர் பலர் நம்பியிருந்த எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகிளின் ஜாம்போர்டு என்னும் எழுதுபலகை 2024 இறுதியோடு மறைந்தது. வெளிநாட்டு உறவினரோடு பேச நமக்கெல்லாம் முதன்முதலில் பழக்கமான ஸ்கைப்பும் 2025 மே மாதம் விடைபெற்றது. பாடக் குறிப்புகளையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரு செயலிக்குள் மட்டும் வைத்துப் பூட்டிவிட்டவர்களுக்கு அது இடிபோல் வந்தது. படி ஒன்றைத் தம் கணினியிலும், முடிந்தால் தாளிலும் வைத்திருந்தோர் தப்பினர்.

வகுப்பு தொடங்குமுன் ஆசிரியர் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு; அதற்குச் செயலி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வீட்டையும் சாதாரணத் தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகள் கேட்டல். கைப்பேசி யாருடையது? தந்தை அதை எத்தனை மணிக்கு வேலைக்கு எடுத்துச் செல்கிறார், எப்போது திரும்புகிறார்? வீட்டில் எத்தனை பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள்? மாதக் கடைசியில் டேட்டா மிஞ்சுகிறதா? அருகில் அமர்ந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர் எவரேனும் உண்டா? மின்சாரம் எந்த வேளையில் தடைப்படுகிறது? விடைகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால், நேரலை வகுப்பு வேண்டுமா, குரற்பதிவு போதுமா, அச்சிட்ட தாளைப் பக்கத்து வீட்டார் மூலம் அனுப்ப வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் அந்தத் தாளே சொல்லிவிடும். இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கைச் செய்வது என்பதையும் அந்த முதல் அழைப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லிவைக்கலாம்.